எக்கோ அறிக்கையும் நோயல்லாத வேறுபாடுகளும்

இருதயத்தைக் கேளா ஒலியால் ஆராயும் 'எக்கோ' சோதனை முன்பெல்லாம் பெருநகர மருத்துவமனைகளில் மட்டுமே நடைபெற்று வந்தது. இப்பொழுது தாலுகா ஊர்களிலும் நடைபெறுகிறது. மார்பு வலியென்று சென்றவருக்கு மட்டுமன்றி, குடலிறக்கத்திற்கோ கர்ப்பப்பைக் கட்டிக்கோ ரண சிகிச்சை செய்துகொள்ளச் செல்பவருக்கும் முன்னெச்சரிக்கையாக இச்சோதனை செய்யப்படுவதுண்டு. ஆகவே நம் சங்க அங்கத்தினர் பலருடைய வீடுகளில் எக்கோ அறிக்கை ஒன்றேனும் பெட்டியில் இருக்கக் காணலாம்.

அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். வீட்டிலுள்ள படித்த பிள்ளை கைபேசியை வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் பொருள் பார்க்கும். 'இருதயத்திற்குள் வலை', 'பொய் நாண்', 'சுவரில் துவாரம்' என்று பொருள் விரியும். அன்றிரவு அவ்வீட்டில் ஒருவருக்கும் உறக்கம் வராது. மறுநாள் நகை அடகுக்குப் போகும், தறி நிற்கும், நகரத்துப் பெரிய வைத்தியரைப் பார்க்கக் குடும்பமே பஸ் ஏறும். அங்கே அவர் அறிக்கையைப் பார்த்துவிட்டு, "இதில் ஒன்றுமில்லை, போய் வாருங்கள்" என்று இரண்டு நிமிஷத்தில் அனுப்பிவிடுவதும் உண்டு. ஒன்றுமில்லையென்றால் ஏன் எழுதினார்கள் என்ற ஐயம் மட்டும் தீராமல் நிற்கும்.

அந்த ஐயம் நியாயமானதே. இருதயத்தின் உள்ளமைப்பில் மனிதருக்கு மனிதர் பல வேறுபாடுகள் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை நோயல்ல. ஆனால் அவை திரையில் இரத்தக் கட்டியைப் போலவும், கழலையைப் போலவும், கிருமித் தொற்றால் வால்வில் வளரும் சதையைப் போலவும் தோற்றமளிக்கக் கூடும். பின்னால் பார்ப்பவர் ஏமாறாதிருக்கும் பொருட்டே சோதித்தவர் அதைப் பெயரிட்டு எழுதி வைக்கிறார். பெயர் இருப்பதால் நோய் இருக்கிறதென்று கொள்ளலாகாது. எனினும், இவற்றுள் சில குறிப்பிட்ட சூழ்நிலையில் கவனத்திற்கு உரியனவாகிவிடும் என்பதையும் மறைத்தல் கூடாது. எது எவ்வகையைச் சேர்ந்தது என்பதை விளங்கச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கருவி வேலை செய்யும் முறையைச் சிறிது அறிதல் நலம். வினாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலி மனிதச் செவிக்குக் கேட்பதில்லை. எக்கோ கருவியிலிருந்து வெளிப்படும் ஒலி வினாடிக்குப் பல இலட்சம் அதிர்வுகள் கொண்டது. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 20 இலட்சம் முதல் 50 இலட்சம் வரையுள்ள அதிர்வுகள் பயன்படுகின்றன. உடலின் தசையில் அவ்வொலி வினாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் செல்கிறது. வழியில் எங்கே ஒரு பொருள் முடிந்து வேறு பொருள் தொடங்குகிறதோ, அங்கிருந்து ஒலியில் ஒரு பகுதி திரும்பி வருகிறது. திரும்பிவர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிட்டுக் கருவி படம் வரைகிறது. மார்பில் தடவும் பசை, கருவிக்கும் தோலுக்கும் இடையே காற்று நில்லாதிருப்பதற்காகவே. எக்ஸ்-ரேயைப் போன்ற கதிர்வீச்சு இதில் இல்லை.

இம்முறையைத் தொடங்கி வைத்தவர்கள் சுவீடன் நாட்டு லுண்ட் நகரத்தவரான இங்கே எட்லர் என்ற வைத்தியரும், ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற பௌதிக அறிஞரும் ஆவர். உலோகத்தில் உள்ள பழுதுகளைக் கண்டறியக் கப்பல் தளத்தில் பயன்பட்டு வந்த கேளா ஒலிக் கருவியை ஹெர்ட்ஸ் இரவல் வாங்கித் தம் மார்பிலேயே வைத்துப் பார்த்தார். 1953ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 29ஆம் தேதி இருவரும் இருதயத்தின் அசைவை முதன் முதலாகப் பதிவு செய்தனர். இவ்வரலாற்றில் நம் விஷயத்திற்கு மிகப் பொருத்தமான செய்தி ஒன்றுண்டு. பதிவில் தெளிவாகத் துள்ளிய ஒரு கோட்டை, இடது மேலறையின் சுவரிலிருந்து வருவதென்று எட்லர் முதலில் கருதினார். பிறகு, இறந்தவர்களின் இருதயங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்த போதுதான் அது மிட்ரல் வால்வின் இதழிலிருந்து வருவதென்று தெரியவந்தது. கருவி காட்டியது சரியே. காட்டியது எது என்று அறிவதற்கு உடற்கூற்று அறிவு வேண்டியிருந்தது. இன்று படம் எவ்வளவோ தெளிவடைந்துவிட்ட போதிலும், படத்தைப் படிக்கிறவரின் பயிற்சியே முடிவு செய்கிறது என்ற நிலை மாறவில்லை.

இனி இருதயத்திற்குள் செல்வோம். அதில் மேலறைகள் இரண்டு, கீழறைகள் இரண்டு. உடல் முழுவதிலுமிருந்து திரும்பும் இரத்தம் மேற்பெருஞ்சிரை, கீழ்ப்பெருஞ்சிரை என்னும் இரு குழாய்களின் வழியே வலது மேலறையை அடைகிறது. அறிக்கைகளில் அச்சமூட்டும் பெயர்களுள் பல இந்த வலது மேலறையைச் சேர்ந்தவை. காரணம், நாம் தாயின் வயிற்றில் இருந்த காலத்து ஏற்பாடுகளின் மிச்சங்கள் அங்கே தங்கியிருக்கின்றன.

கருவிலிருக்கும் குழந்தை மூச்சு விடுவதில்லை. பிராணவாயு கலந்த இரத்தம் தாயின் நஞ்சுக்கொடியிலிருந்து கொப்பூழ்க் கொடி வழியாக வந்து, கீழ்ப்பெருஞ்சிரையின் மூலம் வலது மேலறையை அடைகிறது. அந்த நல்ல இரத்தம் வேலை செய்யாத நுரையீரலுக்குச் சென்று பயனில்லை. நேரே இடப்பக்கம் சென்று மூளைக்கும் உடலுக்கும் போய்ச் சேர வேண்டும். அதற்காக இரண்டு மேலறைகளுக்கும் இடைப்பட்ட சுவரில் ஒரு வாயில் உண்டு. வாய்க்காலில் வரும் நீரை மடைக்குத் திருப்ப உழவர் ஒரு பலகையைச் சாய்த்து வைப்பதுபோல, கீழ்ப்பெருஞ்சிரை வந்து சேருமிடத்தில் ஒரு மெல்லிய மடிப்பு நின்று இரத்தத்தை அவ்வாயிலை நோக்கித் திருப்பிவிடுகிறது. 16ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த உடற்கூற்று அறிஞர் யூஸ்டேக்கியின் பெயரால் அதற்கு யூஸ்டேக்கியன் வால்வு என்று பெயர்.

குழந்தை பிறந்து மூச்சு விடத் தொடங்கியதும் இப்பலகைக்கு வேலை இல்லை. பலருக்கு அது சுருங்கிச் சிறு விளிம்பாகிவிடும். சிலருக்குச் சுருங்காமல் நீண்டு, ஒவ்வொரு துடிப்பிலும் மேலறைக்குள் அசைந்துகொண்டிருக்கும். இன்னும் சிலருக்கு அதன் மிச்சம் துளைகள் நிறைந்த வலையாக நின்றுவிடும். இவ்வலையை 1897இல் ஹான்ஸ் கியாரி என்ற நோய்க்கூற்று அறிஞர் விவரித்தார். கியாரி வலை என்று அறிக்கையில் வருவது இதுவே. நூறு பேரில் ஏறத்தாழ இருவருக்கு இது இருக்கும். திரையில் வெண்ணிற நூல் அலைவது போல் தெரியும். கண்டவருக்கு இரத்தக் கட்டியோ என்ற ஐயம் எழுவது இயல்பு. பெரும்பாலும் எச்சிகிச்சையும் வேண்டுவதில்லை.

சுவரிலிருந்த வாயில் என்னவாயிற்று? இது சற்று விரிவாகச் சொல்லத் தக்கது. 'ஓட்டை' என்ற சொல்லால் பெருந்துன்பம் விளைவது இங்கேதான். அவ்வாயில் சுவரை வெட்டி எடுத்த துவாரம் போன்றதன்று. இரண்டு துணிகளை ஓரம் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி தொங்கவிட்டு, தையல் போடாமல் விட்டாற் போன்றது. பிறப்பதற்கு முன்பு வலப்பக்க அழுத்தம் மிகுதியாதலால் துணி விலகி இரத்தம் செல்லும். பிறந்தபின் இடப்பக்க அழுத்தம் ஓங்குவதால் இரண்டு விளிம்புகளும் ஒன்றோடொன்று ஒட்டிப் படியும். நாளடைவில் பெரும்பாலோருக்கு அவை தைத்தாற்போல் இணைந்துவிடும். எல்லோருக்கும் இணைவதில்லை. 1984இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தார் வெளியிட்ட ஆராய்ச்சியில், வேறு குறையற்ற 965 இருதயங்களைப் பிரேத பரிசோதனையில் பார்த்தபோது, நூற்றுக்கு 27 இருதயங்களில் இந்தப் பிளவு இணையாமலிருந்தது. அதாவது நான்கு பேரில் ஒருவருக்கு மேல். சந்தைக்கு வருகிற கூட்டத்தில் எத்தனை பேர் இதனைத் தாங்கி, வாழ்நாள் முழுவதும் பாரம் தூக்கி உழைத்து வருகின்றனர் என்பதை எண்ணிக்கொள்ளலாம்.

ஆகவே, சோதனையில் தற்செயலாகத் தெரிந்த இப்பிளவை, வேறு குறையில்லாதவருக்கு அடைக்க வேண்டியதில்லை. ஆனால் 60 வயதிற்குட்பட்ட ஒருவருக்குப் பக்கவாதம் வந்து, எவ்வளவு ஆராய்ந்தும் வேறு காரணம் புலப்படாவிடில் நிலைமை வேறு. காலின் சிரையில் உண்டான சிறு இரத்தக் கட்டி இப்பிளவின் வழியே இடப்பக்கம் சென்று மூளையை எட்டியிருக்கலாம். அத்தகையோருள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பிளவை அடைப்பது மீண்டும் பக்கவாதம் வருவதைக் குறைக்கிறது என்று 2017இல் வெளிவந்த பெரிய ஆராய்ச்சிகள் காட்டின. இதனை உறுதி செய்ய, உப்பு நீரைக் குலுக்கி நுண்ணிய குமிழிகளாக்கிக் கைச் சிரையில் செலுத்திப் பார்ப்பார்கள். குமிழி இடப்பக்கம் தோன்றினால் பிளவு திறக்கிறது என்பது பொருள்.

இதனோடு குழப்பிக்கொள்ளத் தகாத வேறொன்று உண்டு. சுவரின் ஒரு பகுதியே வளராமல் மெய்யாகவே துவாரம் இருப்பது பிறவிக் குறை. அதன் வழியே இரத்தம் ஓயாமல் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் பாயும். துவாரம் பெரிதாயின் நாளடைவில் வலப்பக்கம் பெருத்துவிடும். அதற்கு இருதய நிபுணரின் கவனிப்பும், பல சமயம் அடைப்புச் சிகிச்சையும் அவசியம். தமிழில் இரண்டையும் 'ஓட்டை' என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுவதால், சிகிச்சை வேண்டாதவர் அஞ்சுகிறார்; சிகிச்சை வேண்டியவரோ, "பக்கத்து வீட்டாருக்கும் ஓட்டைதான், ஒன்றும் செய்யவில்லை" என்று வாளாவிருந்துவிடுகிறார். இரண்டாவது வகைத் தவறே அதிகக் கேடு விளைப்பது.

அதே சுவரில் முதியோருக்கும் உடல் பருத்தோருக்கும் கொழுப்புச் சேர்ந்து தடிப்பதுண்டு. 2 சென்டிமீட்டருக்கு மேலும் தடிக்கலாம். பழைய வாயில் இருந்த இடத்தில் மட்டும் கொழுப்புச் சேராது. ஆகையால் நடுவில் இடை சிறுத்து இருபுறமும் பருத்து, உடுக்கையைப் போலத் தோன்றும். இவ்வடிவமே கழலையினின்று இதனைப் பிரித்துக் காட்டும் அடையாளம். இருதயத்தின் வெளிப்புறத்திலும் கொழுப்புப் படிவதுண்டு. அதனை உறையில் நீர் கோத்ததாகக் கருதிவிடக் கூடும். மல்லாந்தோ இடப்பக்கம் சாய்ந்தோ படுத்திருப்பவருக்கு நீர் பெரும்பாலும் பின்புறத்திலேயே முதலில் தேங்கும். முன்புறத்தில் மட்டும் காணப்படுவது பெரும்பாலும் கொழுப்பே.

இடது மேலறையில் ஒரு வரலாற்றுச் சின்னம் இருக்கிறது. நுரையீரலிலிருந்து வரும் இடது மேற்சிரைக்கும், மேலறையின் காதுமடல் போன்ற பைக்கும் நடுவே வயல்வரப்புப் போல் ஒரு மேடு உண்டு. அதன் நுனி சிலருக்குப் பஞ்சு சுற்றிய குச்சியைப் போலத் தடித்திருக்கும். அந்தப் பையோ இரத்தக் கட்டி உண்டாவதற்குப் பேர்போன இடம். எனவே மேட்டைக் கட்டியென்று கருதி, இரத்தம் உறையாதிருக்க 'கூமடின்' மருந்து கொடுத்த சம்பவங்கள் முற்காலத்தில் நிகழ்ந்தன. அதனால் அம்மேட்டிற்குக் கூமடின் மேடு என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அம்மருந்தைப் பற்றி உழவர்கள் அறிய வேண்டியது ஒன்றுண்டு. கூமடின் என்பது வார்பரின் என்னும் மருந்தின் விற்பனைப் பெயர். 1920களில் வட அமெரிக்காவில், பூஞ்சை பிடித்த ஒருவகைத் தீவனப் பயிரைத் தின்ற மாடுகள் இரத்தம் உறையாமல் இறந்தன. காரணத்தை ஆராய்ந்த விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து அறிஞர் கார்ல் லிங்கும் அவருடைய குழுவினரும் அதிலிருந்த பொருளைப் பிரித்தெடுத்தனர். அவ்வழியில் உண்டாக்கப்பட்ட வார்பரின் 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, 1954இல் மனிதர்க்கும் மருந்தாக அனுமதிக்கப்பட்டது. தேவைப்படுவோருக்கு அது உயிர் காக்கும் மருந்து. செயற்கை வால்வு பொருத்தியவர் அதை ஒருநாளும் விடலாகாது. தேவையில்லாதவருக்குக் கொடுத்தால் குடலிலோ மூளையிலோ இரத்தக் கசிவு நேரலாம். இயல்பான மேடு எது, கட்டி எது என்று பிரித்தறிவது எவ்வளவு முக்கியம் என்பது இதனால் புலனாகும்.

கீழறைகளில் இழைகளும் தசைக் கற்றைகளும் மிகுதி. வலது கீழறையின் குறுக்கே ஓடும் தடித்த தசைப் பட்டை ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டு. இருதயத்தைத் துடிக்கச் செய்யும் மின்னோட்டத்தின் ஒரு கிளை அதன் வழியே செல்கிறது. அது தெளிவாகத் தெரிவதாக எழுதியிருந்தால் கவலை வேண்டாம். இடது கீழறையில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கட்டிய கயிறு போன்ற இழைக்குப் 'பொய் நாண்' என்று பெயர். வால்வின் இதழ்களை இழுத்துப் பிடித்திருக்கும் நாண்களே மெய் நாண்கள். இது எந்த இதழையும் பிடித்திருப்பதில்லை. விழுதில் கோக்கப்படாமல் பாவின் மேலே கிடக்கும் இழை என்று நெசவாளருக்குச் சொன்னால் விளங்கும். பிரேத பரிசோதனைகளில் ஏறத்தாழப் பாதி இருதயங்களில் இது காணப்பட்டிருக்கிறது. குழந்தைகளின் மார்பில் குழாய் வைத்துக் கேட்கும்போது வரும் மெல்லிசை போன்ற ஓசைக்கு இது சில சமயம் காரணமாகலாம் என்பர். பெயரில் பொய் இருப்பதால் பொய்யான உறுப்பொன்று முளைத்துவிட்டதென எண்ண வேண்டாம்.

கீழறையின் உட்சுவர் சொரசொரப்பாக, பள்ளங்களும் மேடுகளுமாக இருப்பதை மிகைப்படுத்தி, தசை இறுகாத நோய் என்று முடிவு செய்துவிடும் அபாயமும் உண்டு. 2014இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், முதன்முறை கருவுற்ற பெண்களைப் பிரசவம் வரை எக்கோவில் கவனித்தபோது, நான்கில் ஒருவருக்கு இத்தகைய சொரசொரப்புப் புதிதாகத் தோன்றியது. பிரசவத்திற்குப் பின் அவர்களுள் பெரும்பாலோருக்கு அது மறைந்தது. கர்ப்ப காலத்தில் இருதயம் தாங்கும் அதிகச் சுமைக்கு அது காட்டிய மாறுதலே அது. இருதயத்தின் சுருங்கும் ஆற்றல் குறையாமல், குடும்பத்தில் இளவயது மரணமும் இல்லாமல் இருப்பின், ஒரே படத்தைக் கொண்டு இந்நோயை முடிவு செய்வதில் வைத்தியர் அவசரம் காட்டமாட்டார்.

வால்வுகளைப் பற்றிச் சொல்கையில் நம்மவர்க்கு எச்சரிக்கை கூடுதலாக வேண்டும். வயதானவர்களின் பெருந்தமனி வால்வு விளிம்பில் மெல்லிய நூல்கள் தொங்குவதுண்டு. 1856இல் லாம்பிள் என்ற செக் நாட்டு வைத்தியர் இவற்றை விவரித்தார். காய்ச்சல் இல்லாதவரிடம் தற்செயலாகக் காணப்பட்டால் பெரும்பாலும் கவலைக்கிடமில்லை. விடாத காய்ச்சலோடு காணப்பட்டால், கிருமித் தொற்றா என்று இரத்தத்தைச் சோதித்தே தீர வேண்டும்.

வால்வில் 'மிகச் சிறு கசிவு' என்ற சொற்றொடர் மிகப் பல அறிக்கைகளில் காணப்படும். வலப்பக்கத்து இரு வால்வுகளிலும் இத்தகைய கசிவு ஆரோக்கியமான மக்களுள் பெரும்பாலோருக்கு உண்டு. மிட்ரல் வால்விலும் பலருக்கு இருக்கலாம். பெருந்தமனி வால்வில் இளவயதினருக்குக் கசிவு அரிது. ஆகையால் அதைக் கவனிக்க வேண்டும். சிறுவர்களுக்குத் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல், மூட்டுக்களில் தொடங்கி வால்வுகளைக் கெடுத்துவிடும் இயல்பினது. நெருக்கமான வீடுகளில், தறியும் அடுப்பும் படுக்கையும் ஒரே கூடத்தில் இருக்குமிடத்தில், தொண்டை நோய் எளிதில் பரவுகிறது. இயல்பான கசிவையும் இந்நோயின் தொடக்கத்தையும் வேறுபடுத்த உலக இருதய சம்மேளனம் 2012இல் அளவுகோல் வகுத்தது. அதன்படி 20 வயது வரையுள்ளவர்களின் மிட்ரல் கசிவு நோயெனக் கருதப்பட, அதன் பாய்ச்சல் 2 சென்டிமீட்டருக்குக் குறையாமலும், வேகம் வினாடிக்கு 3 மீட்டருக்குக் குறையாமலும், இருகோணங்களில் தெரிவதாகவும், சுருங்கும் நேரம் முழுவதும் நீடிப்பதாகவும் இருக்க வேண்டும். இதழ்கள் தடித்திருக்கின்றனவா என்பதும் பார்க்கப்படும். 2023இல் இவ்வளவுகோல் திருத்தி அமைக்கப்பட்டது. நோய் உறுதியானால் மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி பல ஆண்டுகள் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். 'சிறு கசிவுதானே' என்று அதை நிறுத்திவிட்ட குழந்தை, பின்னர் வால்வையே மாற்ற வேண்டிய நிலைக்கு வரக்கூடும்.

அறிக்கை கையில் கிடைத்ததும் எழுதிய வைத்தியரிடமோ, சோதனைக்கு அனுப்பிய வைத்தியரிடமோ கேட்க வேண்டியவை சிலவே. இது இயல்பான வேறுபாடா, நோயா, இன்னும் ஐயமா? ஐயமாயின் அதைத் தீர்க்க எந்தச் சோதனை போதும்? இருதயத்தின் சுருங்கும் ஆற்றலும் அறைகளின் அளவும் சரியாக உள்ளனவா? கடைசிக் கேள்விக்கு 'சரியாக உள்ளன' என்று விடை வந்தால் பாதிக் கவலை நீங்கும். ஐயம் நீடிப்பின், உணவுக்குழாய் வழியாகக் கருவியைச் செலுத்திப் பார்க்கும் எக்கோவோ, காந்தப் புல ஸ்கேனோ தேவைப்படலாம். அதற்காகும் செலவு வீண் என்று மறுப்பது சிக்கனமாகாது. ஆனால் அறிக்கையில் 'இயல்பான வேறுபாடு' என்று தெளிவாக எழுதியிருக்க, மூன்று ஊர்களில் மூன்று முறை அதே எக்கோவை எடுத்துக்கொள்வது தேவையற்ற செலவே. படத்தில் எதுவும் இல்லாவிடினும், நடக்கையில் மூச்சுத் திணறல், மார்பில் இறுக்கம், திடீர் மயக்கம், கால் வீக்கம் ஆகியவை இருந்தால் வைத்தியரிடம் செல்லாமல் இருக்கலாகாது. வாய் கோணுதலோ ஒரு பக்கக் கைகால் தளர்ச்சியோ காணின், நேரத்தைப் போக்காமல் 108க்குச் சொல்லி ஆம்புலன்ஸை வரவழைக்க வேண்டும்.

பழைய அறிக்கைகளைக் களையாமல் வைத்திருப்பது மிகவும் பயனுள்ளது. பத்தாண்டுகளுக்கு முன் இருந்த அதே மேடு இன்றும் அதே அளவில் இருக்குமாயின், அது வளரும் கழலையன்று என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. இன்னொரு காரணமும் உண்டு. ஆயிரம் பேரில் மூவர் முதல் ஐவர் வரை, கருவில் மறைந்திருக்க வேண்டிய இடப்பக்க மேற்பெருஞ்சிரை மறையாமல் நின்று, இருதயத்தின் பின்புறத்துச் சிரைக் குழிவில் கலக்கும். அக்குழிவு எக்கோவில் அகன்று தெரியும். சாதாரணமாக அதனால் ஒரு துன்பமும் இல்லை. ஆனால் பிற்காலத்தில் அவருக்கு இடது தோளின் வழியாகப் பேஸ்மேக்கர் கம்பி செலுத்த நேர்ந்தால், கம்பி எதிர்பாராத பாதையில் போகும். அதனை முன்கூட்டி அறிந்திருக்கும் வைத்தியர் வேறு வழியை ஏற்பாடு செய்துகொள்வார். ஆகவே இத்தகைய குறிப்புள்ள தாளைக் குடும்ப அட்டையோடு சேர்த்து வைத்து, எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதலில் எடுத்துக் காட்டுதல் வேண்டும்.